காசுக்கு ஆட வந்த ஃபார்வர்டுகள்: உங்கள் ஊருக்கு வந்தவரைப் பற்றிச் சொல்லுங்கள்

பாமணி ஆற்றங்கரை:
கெஸ்ட் பிளேயர், அதாவது காசு பேசி வெளியூரிலிருந்து ஆட்டத்துக்குக் கூட்டிவரும் ஆள், யாரென்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 2009, மாசி மாதம், மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊர் செவன்ஸ், அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்துப் போட்டி. உளுந்து தெளிக்காமல் விட்ட வயலில் தாளைக் கொத்தி ரோலர் ஓட்டிய மைதானம். அரையிறுதியில் எங்கள் ஃபார்வர்டுக்குக் கணுக்கால் பிசகிவிட்டது, கமிட்டி அவசரமாக ஒருவரை வரவழைத்தது. நாலு மணி பஸ்ஸில் வந்து இறங்கினார். முப்பத்தைந்து வயதுக்குக் குறையாது, தோளில் ஒரு ரெக்சின் பை. இடது ஷூவின் முனை வாய் பிளந்ததைப் பச்சை நைலான் நூல் போட்டுத் தைத்திருந்தார்கள். அதை நான் மறக்கவே மாட்டேன், ஃபைனலில் அவர் போட்ட இரண்டு கோலும் அந்தக் காலில்தான். இரண்டாவது கோல் விழுந்ததும் ஊரே மைதானத்துக்குள் ஓடியது, அவர் மட்டும் கோல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு வலது முட்டியை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் சொல்ல வந்தது அது இல்லை. எனக்கு அப்போது பதினாறு வயது, கையெழுத்து நன்றாக இருக்கும் என்று கணக்கு நோட்டை என்னிடம் கொடுத்திருந்தார்கள். அவரிடம் பேசியது 1500. கமிட்டியில் ஒரு பெரியவர் 800 ரூபாயை அவர் கையில் வைத்துவிட்டு, நோட்டில் 1500 என்று எழுதச் சொன்னார். எழுதினேன். டியூப் லைட் வெளிச்சத்தில் நோட்டை நீட்டினேன். தொகையைப் படித்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டுப் பேனாவை மூடிக் கொடுத்தார். “திருவாரூர் பஸ் போயிருக்குமா தம்பி?” என்றார். “இன்னும் இருக்குண்ணே” என்றேன். மீதி 700 எங்கே போனது என்று எனக்குத் தெரியும். அன்று ராத்திரி கமிட்டி வாங்கிய பிரியாணியில் நானும் சாப்பிட்டேன்.

காரைக்கால் ஸ்டாப்பர்:
நீங்கள் சொல்லும் ஆளை நான் மார்க் பண்ணியிருக்கிறேன், கோல் போட விடாமல் கூடவே நின்று தடுத்திருக்கிறேன் என்று நினைக்கிறேன். பிரெஞ்சுக்காரன் 1954-ல் போனான், பந்தை விட்டுவிட்டுப் போனான் என்று எங்கள் தாத்தா சொல்வார், அப்படிப்பட்ட ஊர் எங்களுடையது, எத்தனையோ ஃபார்வர்டுகளைப் பார்த்தாயிற்று. இவர் ஓடவே மாட்டார். எனக்கு இரண்டடி பின்னால், வலது தோளுக்கு அந்தப் பக்கம், நான் பந்தைப் பார்த்தால் அவரைப் பார்க்க முடியாத இடமாகப் பார்த்து நிற்பார். நின்றுகொண்டு பேசுவார். “என்ன வேலை பாக்குற தம்பி, கல்யாணம் ஆச்சா, பொண்ணு எந்த ஊரு?” நானும் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். இடது பக்கத்திலிருந்து கோலை நோக்கிப் பந்து கிராஸாக வந்தது. பந்து விழும் இடத்துக்குப் போகலாம் என்று என் இடது குதிகால் தரையை விட்டு எழும்பிய அந்த நொடியில் அவர் எனக்கு முன்னால் இருந்தார். தள்ளவில்லை, சட்டையைப் பிடிக்கவில்லை. தலையில் வாங்கி, கோல்கீப்பர் நின்றதற்கு எதிர்ப்பக்கம் வைத்தார். திரும்பி வரும்போது “கல்யாணத்துக்குச் சொல்லு” என்று முதுகில் தட்டினார். அத்தனை நேரம் பேசியது என் காலைப் படிப்பதற்குத்தான் என்று ராத்திரி படுத்த பிறகுதான் உறைத்தது.

ஆனால் ஒன்று. பாதிப் பணத்தை முன்னாலேயே வாங்காமல் எந்தக் கெஸ்ட் பிளேயரும் பஸ் ஏற மாட்டார். வாங்காமல் வந்தது அவர் தப்பு. பதினாறு வயதுப் பையன் என்ன செய்ய முடியும், விடுங்கள்.

நீடாமங்கலம் டீச்சர்:
அவர் தப்பு என்று எப்படிச் சொல்கிறீர்கள்? முன்பணம் கேட்டால் அடுத்த வருஷம் கூப்பிட மாட்டார்கள். என் அப்பா அப்படி ஆடியவர், எனக்குத் தெரியும். கார்த்திகை கழிந்ததும் மலப்புறம் பக்கம் செவன்ஸுக்குப் போவார், சித்திரையில் வருவார். அங்கே ராத்திரியில் விளக்குப் போட்டு ஆட்டம், ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஃபார்வர்டுகளோடு ஒரே அறையில் தங்கல். ஊரில் இருக்கும்போது குறுவை நெல் வரும் மாதங்களில் கொள்முதல் நிலையத்தில் சுமை. 40 கிலோ மூட்டை, அதே முட்டியோடு.

நான் ஏழாவது படிக்கும்போது ஒரு ராத்திரி அடிபம்புச் சத்தம் கேட்டு எழுந்து போனேன். என் கையில் டார்ச்சைக் கொடுத்துப் பிடிக்கச் சொன்னார். கிரேப் பேண்டேஜைச் சுற்றிச் சுற்றி அவிழ்த்தார், முட்டி உரித்த தேங்காய் அளவுக்கு இருந்தது. கட்டை விரலை வைத்து அழுத்தினார், எடுத்த பிறகும் அந்தக் குழி அப்படியே நின்றது. நான் அழ ஆரம்பித்ததும் “அம்மாகிட்ட சொல்லாத, ஞாயித்துக்கிழமை மேட்ச் இருக்கு” என்றார். பேண்டேஜை அலசிக் கொல்லைக் கொடியில் என் பாவாடைக்குப் பின்னால் மறைத்துக் காயப்போட்டார்.

யாரும் அவரைப் பாவம் என்று எழுத வேண்டாம். கோல் போட்ட நாளில் அவர் வீட்டுக்குள் நுழைகிற நடையே வேறு.

பட்டுக்கோட்டை கோச்:
நானும் ஒரு காலத்தில் வெளியூர் டீம்களுக்கு ஆடியவன்தான், பேராவூரணியில் ஒரு ஃபைனலில் பெனால்டியை வெளியே அடித்தேன், அது இன்னும் கனவில் வரும். அதை விடுங்கள்.

இதைப் படிக்கும் பசங்களுக்குச் சில விஷயம். டீச்சர், உங்கள் அப்பாவுக்கு அது பெரும்பாலும் ஏசிஎல், அதாவது முட்டிக்குள் இருக்கும் லிகமென்ட், கிழிந்ததாக இருக்கும். முட்டி வீங்கி, திரும்பும்போது கழன்று போகிற மாதிரி இருந்தால் ஸ்ப்ரே அடித்துக்கொண்டு ஆடக் கூடாது. லிகமென்ட் இல்லாமல் ஆட ஆட உள்ளே மெனிஸ்கஸ் என்ற குருத்தெலும்பும் தேயும், அப்புறம் நாற்பது வயதில் மாடிப்படி ஏற முடியாது. ஆபரேஷன் செய்தால் ஒன்பது மாதமாவது பொறுக்க வேண்டும், ஐந்தாம் மாதமே வலியில்லை என்று இறங்குபவன் மறுபடி கிழித்துக்கொள்வான். அடுத்து, சர்டிஃபிகேட். காசுக்கு ஆடும் செவன்ஸில் நூறு கோல் போட்டாலும் ஒரு தாள் கிடைக்காது. மாவட்ட லீக்கில் ஆடு, அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் சிஆர்எஸ் என்ற வீரர் பதிவில் பெயர் இருக்கட்டும், பல்கலைக்கழக டீமுக்குப் போ, அதற்கு ஆடியதற்கான படிவம் 3 சான்றிதழை வாங்கு. மாநில அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீதம் இருக்கிறது. ரயில்வே ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்கு 25 வயது வரைதான், அதில் தளர்வு கிடையாது. நம் பசங்க 26 வயதில் வந்து “சார், ட்ரையல்ஸ் எப்போது?” என்று கேட்கிறார்கள். இதுவரை நாலு பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன், நாலு பேரும் நல்ல ஃபார்வர்டுகள். மனம் தளராதீர்கள். இங்கிலாந்து ஃபார்வர்டு ஜேமி வார்டியும் ஃபேக்டரியில் வேலை பார்த்துக்கொண்டே ஆடியவர்தான்.

தஞ்சை வடக்கு வாசல்:
கோச் சார், மரியாதையோடு சொல்கிறேன், வார்டியை இங்கே இழுக்காதீர்கள். அவர் வாரத்துக்கு முப்பது பவுண்டுக்கு ஸ்டாக்ஸ்பிரிட்ஜ் என்ற சின்ன கிளப்பில் ஆடினார், உண்மை. ஆனால் அங்கிருந்து ஹாலிஃபாக்ஸ், ஃப்ளீட்வுட், 2012-ல் லெஸ்டர் என்று ஒவ்வொரு படிக்கும் மேலே இன்னொரு படி இருந்தது, கோல் போட்டால் மேலே இருப்பவன் வந்து பார்ப்பான். ரிக்கி லாம்பர்ட்டும் பீட்ரூட் ஃபேக்டரியில் மூடி திருகியவர்தான், 31 வயதில் இங்கிலாந்துக்கு ஆடினார். நம் வயலில் கோல் போட்டவனை யார் வந்து பார்த்தார்கள்? ஐ-லீக்கில் ஜெயித்தால் அதற்கு மேலே இருக்கும் ஐஎஸ்எல் லீக்குக்குப் போகலாம் என்ற வழியே 2022-23 சீசனில்தான் திறந்தது. கீழ்ப் படியான ஐ-லீக் 3 தொடங்கியது 2023-ல். டீச்சர் அப்பா ஆடிய காலத்தில் ஏணியே கிடையாது, ஏறவில்லை என்று யாரைச் சொல்வது?

என் அனுபவம் சின்னது. 2019 மார்ச், கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியம், சென்னை சிட்டி ஐ-லீக்கை ஜெயித்த நாள். எங்கள் டீமுக்குப் பல வருஷம் காசுக்கு ஆடிய அண்ணனையும் கூட்டிக்கொண்டு தஞ்சாவூரிலிருந்து பஸ்ஸில் போனோம். எதிரணி மினர்வா முதலில் கோல் போட்டுவிட்டது. அப்புறம் பெனால்டி, பந்தை வைத்தது பெட்ரோ மான்ஸி. உருகுவேக்காரர், ஸ்பெயினில் கீழ் டிவிஷன்களில் ஆடிவிட்டு வந்து அந்த சீசனில் 21 கோல் போட்டவர். மொத்தக் கூட்டமும் பந்தைப் பார்க்கிறது, எங்கள் அண்ணன் மட்டும் மான்ஸியின் ஊன்றும் காலைப் பார்த்து “வையி, வையி” என்று முணுமுணுத்தார், அவருடைய வலது கால் என் காலுக்குப் பக்கத்தில் துடித்தது. கோல். எல்லோரும் எழுந்து கத்தினோம். அவர் எழவில்லை, என் முழங்கையைப் பிடித்து “நம்ம ஆளு மாதிரியே அடிக்கிறான்டா” என்றார். அப்புறம் கௌரவ் போரா இரண்டு போட்டு 3-1. அது எதுவும் எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை.

நீடாமங்கலம் டீச்சர்:
கோச் சார், நன்றி. அப்பாவுக்கு இப்போது 61, மாடிப்படி ஏற மாட்டார்தான். நான் அறிவுரை கேட்கவில்லை, அந்த ராத்திரியைச் சொன்னேன், அவ்வளவுதான்.

பாமணி ஆற்றங்கரை:
ஸ்டாப்பர், விடச் சொல்கிறீர்கள், விட முடியவில்லை. அந்த நோட்டு இன்னும் எங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது, போன பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது எடுத்துப் பார்த்தேன். கையெழுத்தில் பெயர் சரியாகப் புரியவில்லை, கடைசி எழுத்துக்குக் கீழே இரண்டு கோடு இழுத்திருக்கிறார். இடது ஷூவில் பச்சை நூல், வலது முட்டி வலி, திருவாரூர் பஸ். யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். 700 ரூபாயை நேரில் போய்க் கொடுக்க வேண்டும், கூட எவ்வளவு கொடுத்தால் சரியாக இருக்கும் என்றும் தெரியவில்லை.

காரைக்கால் ஸ்டாப்பர்:
நான் பார்த்தவரின் ஷூவில் இருந்தது வெள்ளை நூல் என்று ஞாபகம், பிரித்துத் தைத்திருக்கலாம். முன்பணம் பற்றி நான் சொன்னது தப்பு. அவரைக் கூட்டிவந்த எங்கள் மேனேஜர் இப்போது திருநள்ளாறில் கடை வைத்திருக்கிறார், வெள்ளிக்கிழமை போய்க் கேட்கிறேன்.