வங்கிக் காசாளர் வேலை: அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டுங்கள்

அனைவருக்கும் வணக்கம். ராயபுரம் பக்கம் ஒரு தனியார் வங்கியில் காசாளராக இருக்கிறேன். வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் காசிமேட்டு மீன் வியாபாரிகள். அவர்கள் கொண்டுவரும் நோட்டுகள் ஈரத்தில் ஒட்டிக் கிடக்கும். எண்ணும் இயந்திரம் முரண்டு பிடிக்கும், பிறகு கையால்தான் எண்ண வேண்டும். அதுகூடப் பிடித்துத்தான் இருக்கிறது. அந்த அக்காக்கள் கணக்கில் புலிகள், ஒரு ரூபாய் பிசகாது. மாலையில் இருப்பு குறைந்தால் என் கைக்காசைப் போட வேண்டும் என்பதுதான் வயிற்றைக் கலக்குகிறது. கூடுதலாக இருந்தால் மட்டும் அது வங்கிக்குப் போய்விடும், நல்ல நியாயம்!

எனக்கு வயது 26. பொதுத்துறை வங்கிகளுக்கு ஆள் எடுக்கும் ஐ.பி.பி.எஸ். எழுத்தர் தேர்வுக்குப் பொதுப்பிரிவில் வயது வரம்பு 28 என்பதால் இனியும் தள்ளிப்போட முடியாது. முதல்நிலைத் தேர்வில் ஒரு மணி நேரத்தில் 100 கேள்விகள். கணக்கில் பயமில்லை, ஆங்கிலம்தான் உதைக்கிறது.

பொதுத்துறை வங்கியில் எழுத்தராகச் சேர்ந்து அதிகாரியாக உயர்ந்தவர்கள் இங்கே இருக்கிறீர்களா? எத்தனை ஆண்டுகள் கவுண்டரிலேயே உட்காரவைத்தார்கள்? வங்கி ஊழியர்களுக்கான ஜே.ஏ.ஐ.ஐ.பி. தேர்வை முடித்தால் ஊதிய உயர்வோடு சரியா, பதவி உயர்வுக்கும் கைகொடுக்குமா? காப்பீடு விற்கச் சொல்லி நெருக்கும் தொல்லை அங்கேயும் உண்டா?

வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டைப் பக்கம் இரவு 7 மணிக்குமேல் ஆங்கில வகுப்பு எடுப்பவர்கள் இருந்தால் அதையும் சொல்லுங்கள். அதற்கு முன்னால் எனக்குக் கல்லாவை விட்டு எழ முடியாது.