முடிச்சூரில் பழைய ஃப்ளாட்: அட்வான்ஸ் கொடுக்கும் முன் என்ன பார்க்கணும்?

தாம்பரத்தான்:
சென்னை தாம்பரம் பக்கத்து முடிச்சூரில் 15 வருடப் பழைய ஃப்ளாட், தரைத்தளம், 42 லட்சம். 13 வருட வில்லங்கச் சான்றிதழ் எடுத்தேன், சுத்தம். இந்த வாரமே அட்வான்ஸ் கேட்கிறார் புரோக்கர். கொடுக்கலாமா?

பழைய குமாஸ்தா:
அவசரப்படாதீங்க தம்பி. 30 வருடத்துக்கு எடுங்கள். ஆனால் அதில் பதிவான பத்திரங்கள்தான் வரும். பதியாத உயில், வாரிசுப் பங்கு எதுவும் தெரியாது. என் தங்கை வாங்கிய வீட்டில், விற்றவருடைய அக்கா கையெழுத்துப் போடவில்லை. இரண்டு வருடம் கோர்ட்டுக்கு அலைந்தாள். தாய்ப்பத்திரத்தின் (சொத்து முன்பு கைமாறிய பழைய பத்திரம்) அசலைக் கையில் வாங்கிப் படியுங்கள். ஜெராக்ஸ் மட்டும் காட்டினால், அசல் எந்த பேங்கில் இருக்கிறது என்று நேராகக் கேளுங்கள். யூடிஎஸ், அதாவது மனையில் உங்கள் ஃப்ளாட்டுக்கு உள்ள பிரிக்கப்படாத பங்கு, எத்தனை சதுர அடி என்பதும் முக்கியம். நாளைக்கு இடித்துக் கட்டினால் உங்கள் பங்கு அதுதான்.

வரதராஜபுரம் அக்கா:
தரைத்தளம் என்கிறீர்களே, அதுதான் எனக்குப் பயம். 2015 டிசம்பரில் அடையாற்றில் வெள்ளம் பெருகி இந்தப் பக்கமெல்லாம் தண்ணீர். சுவருக்குப் பெயிண்ட் அடித்து மறைத்துவிடுவார்கள். கதவு நிலையின் அடிப்பாகத்தை விரலால் அழுத்திப் பாருங்கள். எங்கள் வீட்டில் மரம் பொலபொலவென்று உதிர்ந்தது. மீட்டர் பலகைக்குப் பின்னால் சேற்றுக் கோடு அப்படியே இருந்தது. தெருமுனைக் கடைக்காரரிடம் எவ்வளவு உயரம் நின்றது என்று விசாரியுங்கள்.

தாம்பரத்தான்:
சரி அக்கா, நாளைக் காலையே போய்ப் பார்க்கிறேன். அட்வான்ஸை நிறுத்திவிட்டேன்.