மாலைதீவு உதைபந்தாட்டக் கழகம் கூப்பிடுது: கையெழுத்துக்கு முன்னம் என்ன பார்க்கவேணும்?

பாசையூர்க் கரை:
22 வயசு ஸ்ட்ரைக்கர் ஒருத்தர், யாழ்ப்பாண லீக்கில பதிஞ்சு விளையாடுறவர். மாலைதீவுக் கழகம் ஒண்டு இந்த சீசனுக்குக் கேக்குது. இடையில நிக்கிற ஆள், "சுற்றுலா விசாவில வாங்கோ, ஐ.ரி.சி.யை (நாடு விட்டு நாடு மாறி விளையாட வேண்டிய சான்றிதழ்) கொழும்பில நீங்களே எடுங்கோ, அதுக்குக் காசு கட்டவேணும்" எண்டு சொல்லுறாராம். சீசன் முடிய ஊருக்கு வந்து பழைய கழகத்துக்கும் இறங்கப் பார்க்கிறார். எது சரி, எது பிழை?

லைன்ஸ்மன்:
ஐ.ரி.சி.யை வீரர் எடுக்கிறேல்லை. புதுக் கழகம் பீபாவின்ர ரி.எம்.எஸ். எண்ட வீரர் மாற்ற இணையத் தொகுதியில விபரம் பதிய, மாலைதீவு உதைபந்தாட்டச் சங்கம் எங்கட இலங்கைச் சம்மேளனத்திட்டக் கேக்கும். இப்ப 72 மணித்தியாலத்துக்குள்ள குடுக்கவேணும். பழைய ஒப்பந்தம் முடியேல்லை எண்டு மறுக்கிறது 2024 வரைக்கும் இருந்தது, இப்ப இல்லை. ஐ.ரி.சி.க்குக் காசு அறவிடக்கூடாது எண்டு விதியிலயே இருக்கு. ஆனபடியால் அந்த "காசு" ஆருக்குப் போகுது எண்டு யோசியுங்கோ. இடையில நிக்கிற அந்த ஆளுக்குப் பீபா முகவர் உரிமம் இருக்கோ எண்டு பீபா தளத்தில பெயரைப் போட்டுப் பாருங்கோ.

சுற்றுலா விசா 30 நாள் தருவினம், அதில வேலை செய்ய ஏலாது. வேலை அனுமதி எடுக்கிறது கழகத்தின்ர பொறுப்பு.

வீரரின்ர பெயரையும் பாருங்கோ. லீக் பதிவில தலைப்பெழுத்தோட ஒரு மாதிரி, கடவுச்சீட்டில தகப்பன்ர பெயர் முன்னுக்கு வந்து வேற மாதிரி இருந்தால் ஆளைப் பொருத்தேலாமல் பதிவு இழுபடும். ஜன்னல் (வீரர்களைப் பதியிற காலம்) மூடினால் அடுத்த ஜன்னல் வரைக்கும் பெஞ்சுகூட இல்லை.

கொடிகாமம் 9:
ஒப்பந்தத்தைப் பற்றி. "மருத்துவப் பரிசோதனையில பாஸ் பண்ணினால்தான் செல்லும்", "வேலை அனுமதி கிடைச்சால்தான் செல்லும்" எண்டு எழுத ஏலாது, பீபா விதி 18 அதைத் தடுக்குது. பரிசோதனையெல்லாம் கையெழுத்துக்கு முன்னமே முடியவேணும்.

சம்பளம் டொலரிலயோ ரூபியாவிலயோ எண்டு எழுத்தில வேணும். 15.42 ரூபியாவுக்கு ஒரு டொலர் எண்டு கணக்குக் காட்டுவினம், ஆனா அந்த விலைக்கு டொலர் எடுக்கிறது லேசில்லை. வீடு, சாப்பாடு, போய்வர ரிக்கெற், காயம்பட்டால் சத்திரசிகிச்சைச் செலவு, எல்லாம் தனித்தனி வரியா இருக்கட்டும். கோல் போனஸ் பேசினால் பெனால்ரி கோலும் கணக்கோ எண்டு கேளுங்கோ. ஸ்ட்ரைக்கர்மாரோட கன சண்டை அங்கதான் தொடங்கும்.

சம்பளம் வங்கிக்கே வரட்டும், கையில வாங்கினால் சாட்சியில்லை. ரெண்டு மாதச் சம்பளம் நிலுவையானால் எழுத்தில அறிவிச்சு 15 நாள் அவகாசம் குடுக்கவேணும். அதுக்கும் தராட்டி நியாயமான காரணத்தோட விலகலாம். வட்ஸ்அப் குரல்பதிவு போதாது, மின்னஞ்சலா அனுப்புங்கோ. பீபாவிட்ட வழக்குப் போட 2 வருசம் இருக்கு, வீரருக்குக் கட்டணமில்லை. தீர்ப்பு வந்து 45 நாளில கட்டாத கழகம் புது வீரரைப் பதிய ஏலாமல் தடைபடும். கவனம்: பிணக்கை அந்த நாட்டுத் தீர்ப்பாயம் மட்டும்தான் பார்க்கும் எண்டு ஒப்பந்தத்தில ஒரு வரி இருந்தால் பீபா கைவிரிக்கலாம்.

பாசையூர்க் கரை:
நன்றி அண்ணை. ஊர்க் கழகத்துக்குத் திரும்பிறது?

லைன்ஸ்மன்:
அதிலதான் கனபேர் விழுறவை. தொழில்முறையாப் பதிஞ்சவர், கடைசி ஆட்டம் முடிஞ்சு 30 நாள் போகாமல் அமெச்சூராத் திரும்பப் பதிய ஏலாது. ஊர்க் கழகம் அமெச்சூர்தானே. அதோட ஐ.ரி.சி.யும் திரும்பி வரவேணும். அது இல்லாமல் இறக்கினால் எதிரணி முறைப்பாடு குடுக்கும், போகிறது கழகத்தின்ர புள்ளி.

ஒரு சீசனில மூண்டு கழகத்துக்குப் பதியலாம், உத்தியோகபூர்வ ஆட்டம் ரெண்டுக்குத்தான். சீசன் ஒண்டோடொண்டு மேவுற நாடுகளுக்கு விதிவிலக்கு இருக்கு, ஆனா அதை முன்கூட்டியே சம்மேளனத்திட்ட எழுத்தில கேட்டு வாங்குங்கோ. லீக்குக்கு வெளியில நடக்கிற கோயில் திருவிழாக் கிண்ணங்களுக்கு இது பொருந்தாது. ஆனா ஒப்பந்தம் ஓடிக்கொண்டிருக்கேக்க அங்க முழங்கால் போனால் மாலைதீவுக் கழகம் ஒரு சதமும் தராது.