கறுப்பின மாணவர்களை ஆஸ்துமா சிகிச்சைத் துறைக்கு ஈர்ப்பது எப்படி?

கேள்வி:
அமெரிக்காவில் செவிலியமும் சுவாசச் சிகிச்சையும் பயிலும் மாணவர்களுக்கு உடலியங்கியல் கற்பிக்கிறேன். அவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். இந்நாட்டில் ஆஸ்துமாவால் இறக்கும் அபாயம் வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவருக்கு ஏறத்தாழ 3 மடங்கு என்று நான் வகுப்பில் சொன்னபோது, ஒரு மாணவி, "என் தம்பிக்கு மூச்சிரைக்கும் இரவுகளில் விழித்திருந்தவள் நான், இது எனக்குப் புதிய செய்தியன்று" என்றார். அவர் தேர்ந்தெடுக்க விரும்புவதோ மயக்கவியல். இத்தகைய மாணவர்களுக்கு ஆஸ்துமாத் துறையில் நாட்டம் உண்டாக்க என்ன செய்யலாம்?

பதில் 1:
நான் சுவாசச் சிகிச்சையாளர். தேர்வெழுதி ஆஸ்துமா கல்வியாளர் சான்றிதழும் பெற்றிருக்கிறேன். இறப்புக் கணக்கை ஒதுக்கிவிட்டு, மருந்தில்லாத பயிற்சி இன்ஹேலரை அவர்கள் கையில் கொடுங்கள். பல ஆண்டுகளாக மருந்து எடுப்பவர்கள்கூட அதை அழுத்தும் கணமும் மூச்சை இழுக்கும் கணமும் பொருந்தாமல் மருந்தைத் தொண்டையிலேயே படியவிடுகிறார்கள். இன்ஹேலரின் முனையில் மாட்டும் குழாயான ஸ்பேசரைப் பொருத்தி அந்தத் தவறைத் திருத்தினால், அதே மருந்து நுரையீரலைச் சென்றடைகிறது. தன் கையால் இதைச் செய்து பார்க்கும் மாணவருக்கு நெடிய விளக்கம் எதுவும் தேவைப்படாது. மருத்துவப் படிப்பின் நீளத்துக்கும் கடனுக்கும் அஞ்சுவோரிடம், சுவாசச் சிகிச்சையாளர் பணிக்கு 2 ஆண்டுப் பட்டத்துடனேயே நுழைய முடியும் என்பதையும் சொல்லுங்கள்.

பதில் 2:
ஒவ்வாமை மருத்துவன் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்கிறேன். மூச்சை அளந்து நுரையீரலின் திறனைக் காட்டும் கருவியான ஸ்பைரோமீட்டரின் வரலாற்றைக் கற்பியுங்கள். அடிமைகளின் நுரையீரல் கொள்ளளவு இயல்பிலேயே குறைவு என்று 1850களில் சாமுவேல் கார்ட்ரைட் என்ற மருத்துவர் எழுதினார். அந்த எண்ணத்தின் வழித்தோன்றலாக, கறுப்பின நோயாளிகளுக்கு எதிர்பார்க்கப்படும் அளவை 10 முதல் 15 சதவீதம் குறைத்துக் கணக்கிடும் வழக்கம் அண்மைக்காலம்வரை நீடித்தது. அதனால் உண்மையான பாதிப்பும் இயல்பானதாகத் தோன்றக்கூடும். எதிர்பார்க்கப்படும் அளவைக் கணக்கிட இனம் பாராத சமன்பாடுகளைப் பயன்படுத்துமாறு அமெரிக்க மார்பியல் சங்கம் பரிந்துரைத்தது 2023இல்தான். கேள்வி கேட்கத் துணிந்தவர்களுக்கு இத்துறையில் இன்னும் வேலை மிச்சமிருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக நான் சொல்லிவிட முடியாது.

பதில் 3:
இரண்டு யோசனைகளையும் ஏற்கிறேன். ஆனால் "உங்கள் மக்களுக்கு நீங்கள் தேவை" என்று மட்டும் சொல்லாதீர்கள். மருத்துவக் கல்லூரிகளின் தரத்தை ஆராய்ந்து 1910இல் வெளியான ஃபிளெக்ஸ்னர் அறிக்கைக்குப் பின், அன்றிருந்த 7 கறுப்பின மருத்துவக் கல்லூரிகளில் ஹோவர்ட், மெஹாரி ஆகிய இரண்டே எஞ்சின. மக்கள்தொகையில் சுமார் 13 சதவீதமான கறுப்பினத்தவர் இன்று மருத்துவர்களில் ஏறத்தாழ 6 சதவீதமே என்பதற்கு அதுவும் ஒரு காரணம். பிறர் மூடிய கதவுக்கு இந்த மாணவர்கள் ஏன் வட்டி கட்ட வேண்டும்? மயக்கவியலை விரும்புகிறவர் அதையே படிக்கட்டும். வழிகாட்டும் பொறுப்பையும் எண்ணிக்கையில் குறைந்த கறுப்பினப் பேராசிரியர்கள் தலையிலேயே சுமத்தாமல், உங்களைப் போன்றவர்கள் மாணவர்களுக்காகப் பரிந்துரைக் கடிதம் எழுதுங்கள்; மருத்துவர்களிடம் நேரில் பேசுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. மூன்றாமவரின் கண்டிப்பு எனக்கு வேண்டியதுதான். இன்று அந்த மாணவியிடம் ஸ்பைரோமீட்டரைப் பற்றிப் பேசினேன். மயக்கவியலை அவர் கைவிடவில்லை. ஆனால் தம்பியின் பழைய பரிசோதனை முடிவுகள் எந்தச் சமன்பாட்டின்படி கணக்கிடப்பட்டவை என்பதை எப்படிக் கண்டறிவது என்று கேட்டார். இரண்டாம் பதில் எழுதியவர் இதை விளக்க முடியுமா?