மரக்காற்றா, விரற்குழலா?

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

> சங்க விதிகளில் 'மரக்காற்றுக் கருவி இசைஞர்' என்றே எழுதிவிடலாம். woodwind என்ற ஆங்கில மூலச்சொல்லுக்கு நேரான தமிழ் அதுதான்.

அண்ணாச்சி, எனக்குத் தடையே அந்த 'நேரான' என்பதில்தான். நாகர்கோவிலில் நாங்கள் நடத்தும் சங்கத்தில் கோயில் நாகசுரக்காரர்கள் இருக்கிறார்கள். தேவாலயத் திருவிழாக்களில் கிளாரினெட்டும் சாக்சபோனும் ஊதுகிறவர்கள் இருக்கிறார்கள். புல்லாங்குழல் பழகும் பள்ளிப் பிள்ளைகளும் வருகிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை சாக்சபோன் வாசிக்கும் தம்பி ஒருவர் உறுப்பினர் படிவத்தை இரண்டு முறை படித்துவிட்டு, "என் கருவி பித்தளை ஆயிற்றே, நான் சேரலாமா?" என்று கேட்டார். ஒரு சொல் ஆளை வாசலிலேயே நிறுத்திவிட்டது.

அடோல்ஃப் சாக்ஸ் 1846-இல் சாக்சபோனுக்குக் காப்புரிமை பெற்றபோதே அது பித்தளையால் செய்த கருவிதான். மேல்நாட்டுப் புல்லாங்குழலும் 1847-இல் போயம் என்ற ஜெர்மானியர் செய்த வடிவத்திலிருந்து உலோகத்துக்கு நகர்ந்துவிட்டது. அவர்களிடம் பழக்கத்தால் நிலைத்துவிட்ட பெயரை நாம் ஏன் மொழிபெயர்த்துச் சுமக்க வேண்டும்? நம்மிடம் மரம் ஒரு வரையறையாக இருந்ததே இல்லை. சிலப்பதிகார உரையில் அடியார்க்குநல்லார் குழல் செய்ய மூங்கில், சந்தனம், செங்காலி, கருங்காலி ஆகியவற்றோடு வெண்கலத்தையும் சேர்த்தே சொல்கிறார்.

'துளைக்கருவி' போதாதா என்று இன்னொருவர் கேட்டிருந்தார். அழகான பழஞ்சொல். ஆனால் சங்கு, கொம்பு, எக்காளம் எல்லாம் அதற்குள் வந்துவிடும், டிரம்பெட்டும் வரும். நமக்கு வேண்டியது அதன் உட்பிரிவு. ஊதும்போது அதிரும் நாக்கான சீவாளியை வைத்துப் பெயரிடவும் முடியாது: நாகசுரத்துக்கு இரட்டை நாக்கு, கிளாரினெட்டுக்கும் சாக்சபோனுக்கும் ஒற்றை நாக்கு, புல்லாங்குழலுக்கு அதுவும் இல்லை.

இவை எல்லாவற்றுக்கும் பொது எது? குழலின் உடம்பில் உள்ள துளைகளை மூடித் திறந்து சுரத்தை மாற்றுவது. நாகசுரத்தில் விரலே துளையை மூடுகிறது. சாக்சபோனில் விரல் சாவியை அழுத்த, சாவி மூடுகிறது. டிரம்பெட்டில் உதட்டு இறுக்கமும் குழாயின் நீளமுமே அந்த வேலையைச் செய்கின்றன. ஆகவே என் பரிந்துரை: விரற்குழல். கடல், கரை சேர்ந்து கடற்கரை ஆவதுபோல. வாசிப்பவர் விரற்குழலர்.

---

(தக்கலையிலிருந்து கிளாரினெட் ஆசிரியர் ஒருவரின் மறுமொழி)

விரற்குழல் நாவில் நன்றாக உட்காருகிறது. ஒரு ஐயம். நாகசுரத்துக்குச் சுருதி பிடிக்கும் குழலான ஒத்து ஊதுகிறவர் விரலே வைப்பதில்லையே? அவர் சங்கத்துக்கு வெளியிலா?

---

ஐயா, இந்தக் கேள்வி நேற்று இரவு என்னைத் தூங்கவிடவில்லை.

எங்கள் சங்கத்தில் மூத்தவர் ஒருவர் இளமையில் ஒத்து ஊதியவர். ஒத்தில் விரல்துளை கிடையாது; அடியில் சுருதி சேர்க்க மெழுகு அடைக்கும் துளைகள் மட்டுமே உண்டு. ஒரு முறை எங்களுக்கு ஊதிக் காட்டினார். கன்னம் உப்பியபடியே இருக்க, மூக்கால் மூச்சை இழுத்துக்கொண்டார். ஒலி இழையளவும் அறவில்லை. அந்த ஒற்றைச் சுரத்தின் மேல்தான் மேளம் முழுவதும் நின்றது. இன்று அவர் இடத்தில் சுருதிப்பெட்டி இருக்கிறது. 'ஒத்து ஊதுகிறான்' என்பதோ வசவாகிவிட்டது. எனக்கு இது பெரிய மனக்குறை.

தலைவர், செயலர் என்ற சொற்கள் இருக்கின்றன. அவற்றில் கைவைக்க வேண்டாம். ஆனால் மேடை ஏறாமல் கணக்கு எழுதுகிறவர், சீவாளி வாங்க ஆடுதுறைப் பக்கம் பஸ் ஏறுகிறவர், மழைநாளில் பிள்ளைகளை வீடு சேர்ப்பவர் — இவர்களுக்குப் படிவத்தில் 'இதர உறுப்பினர்' என்று அச்சிட்டிருக்கிறோம். சங்கத்தைத் தாங்குகிறவர்களை இதரர் என்பதா? ஒத்தாளர் என்று எழுதுவோம். காதில் விழும்போது ஒத்தாசையும் கூடவே கேட்கிறது.

விதியை இப்படித் திருத்தியிருக்கிறேன்: "விரற்குழல் வாசிப்போரும், அவர்களுக்குச் சுருதியாய் நிற்கும் ஒத்தாளரும் சமவாக்குரிமையுள்ள உறுப்பினர்கள். ஒத்து வாசிப்போர் விரற்குழலராகவே கொள்ளப்படுவர்."

'சுருதியாய் நிற்கும்' என்பது விதிநடைக்குப் பொருந்துமா என்பதில் மட்டும் எனக்கு உறுதி இல்லை. வெள்ளிக்கிழமை படிவம் அச்சுக்குப் போகிறது, அதற்குள் சொல்லுங்கள்.