மரப்பட்டறைக்கு எந்தக் கம்ப்யூட்டர் தாங்கும்?

கோத்தகிரி பட்டறை:
வணக்கம். கோத்தகிரியில் சின்ன மரப்பட்டறை வைத்திருக்கிறேன். ஜன்னல், அலமாரி, கிச்சன் வேலை. சில்வர் ஓக்கும், மரநாரை அழுத்திச் செய்யும் எம்டிஎஃப் பலகையும்தான் அதிகம் ஓடுகிறது. டிசைன் காட்டவும் பிளைவுட் வெட்டுக் கணக்குப் போடவும் பட்டறை மூலையில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது, போன வாரம் போய்விட்டது. முதலில் இருபது நிமிடம் ஓடித் தானாக அணைந்தது, அப்புறம் பத்து நிமிடம், இப்போது ஆன் ஆவதே இல்லை. கழற்றிப் பார்த்தால் ஃபேனுக்கு அடியில் அலுமினியத் தகடுகளுக்கு நடுவே மரத்தூள் கம்பளி மாதிரி அடைத்திருக்கிறது, நகத்தால் சுரண்டினால் ஒரே பாளமாகப் பெயர்ந்து வருகிறது. மூன்று வருடத்தில் இது இரண்டாவது. கையில் முப்பதாயிரம் இருக்கிறது. லேப்டாப் வாங்கலாமா, இல்லை ஒரு பெட்டி செய்து உள்ளே வைத்து மூடிவிடலாமா?

குன்னூர் சர்வீஸ்:
லேப்டாப் வேண்டாம் அண்ணா. பெரும்பாலானவை அடிப்பக்கமாகத்தான் காற்றை இழுக்கும், தூள் படிந்த மேசையில் வைத்தால் அத்தனையும் உள்ளே போகும். மலையில் வெறும் தூசி மட்டும் என்றால் ஊதிவிட்டுப் போய்விடலாம், இங்கே ஈரமும் சேர்கிறதே. மரத்தூள் ஈரத்தைக் குடிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மேகம் வாசல் வழியாகவே உள்ளே வரும்போது அந்தத் தூள் பசையாகி போர்டில் ஒட்டிக்கொள்ளும். நீங்கள் சுரண்டிய பாளம் அதுதான்.

ஃபேன் இல்லாத மினி பிசி, அதாவது சின்னக் கம்ப்யூட்டர் பாருங்கள். உடம்பே வெப்பத்தகடு மாதிரி செய்திருப்பார்கள், காற்றை உள்ளே இழுக்கும் வேலையே இல்லை. இன்டெல் என்100 சிப் 6 வாட்தான், வெட்டுக் கணக்குக்கும் சாதாரண டிசைனுக்கும் போதும். கனமான 3டி ரெண்டரிங் செய்வதென்றால் திணறும். சுழலும் பாகம் இல்லாத எஸ்எஸ்டி டிஸ்க் போட்டதாகவே வாங்குங்கள், பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் மரம் இழைக்கும் பிளானர் மெஷினின் அதிர்வுக்கு ஆகாது. ஃபேன் உள்ள மெஷினை முழுக்க மூடிய பெட்டியில் வைக்காதீர்கள், சூடு வெளியேற வழியில்லாமல் அதுவும் போய்விடும்.

கூடலூர் ஆசாரி:
தம்பி, எதை வாங்கினாலும் சரி, தூள் பறக்கும் அறையில் வைக்காதே. நான் கம்ப்யூட்டர் பெட்டியைச் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் கணக்கு அறையில் வைத்துவிட்டு மானிட்டர், கீபோர்டு, மவுஸ் மட்டும் பட்டறையில் வைத்திருக்கிறேன். பத்து மீட்டருக்குள் என்றால் நல்ல எச்டிஎம்ஐ கேபிளில் படம் ஒழுங்காக வருகிறது. யூஎஸ்பி சாதாரண கேபிள் 5 மீட்டருக்கு மேல் நம்ப முடியாது, நடுவில் பவர் எடுக்கும் எக்ஸ்டென்ஷன் போடு. கீபோர்டுக்கு ரப்பர் உறை. மானிட்டரைத் துணி போட்டு மூடி வை, ஓடும்போது மட்டும் எடுத்துவிடு.

இன்னொன்று, என் முதல் கம்ப்யூட்டரை நானே கெடுத்தேன். சுத்தம் செய்கிறேன் என்று கம்ப்ரசர் குழாயை நேரே வைத்து அடித்தேன். டேங்கில் தேங்கிய தண்ணீர் காற்றோடு சேர்ந்து போர்டு முழுக்கத் தெளித்துவிட்டது. ஃபேனும் வேகத்துக்கு மேல் சுழன்று பேரிங் போனது. இப்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொண்டு, பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டி, வேக்குவத்தைப் பக்கத்தில் பிடிக்கிறேன்.

எம்டிஎஃப் தூளைத் தூள் உறிஞ்சும் மெஷினின் சாதாரணத் துணிப்பை பிடிக்காது, நைசானது எல்லாம் திரும்பக் காற்றுக்கே வரும். மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு முகமை 1995லேயே வகைப்படுத்திவிட்டது. மெஷினுக்கு முன்னால் உன் நெஞ்சைப் பார், நல்ல மாஸ்க் போடு.

கோத்தகிரி பட்டறை:
நன்றி அண்ணா. மாஸ்க் இன்றே வாங்குகிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் எங்கள் ஸ்டோர் ரூம், கதவு மூடினால் தூள் வராது. ஆனால் மழைக்காலத்தில் துணியே காயாத அறை, அங்கே ஈரத்துக்கு என்ன செய்ய? பிளானர் ஸ்டார்ட் ஆகும்போது லைட் மங்குகிறது, அதுவும் பிரச்சினையா?

குன்னூர் சர்வீஸ்:
அணைக்காமல் ஓடவிடுங்கள், தன் சூட்டிலேயே காய்ந்திருக்கும், இத்தனை சின்ன மெஷினுக்குக் கரண்ட் செலவு பெரிதில்லை. கதவு மூடிய மர அலமாரியில் வைக்காதீர்கள், தரையில் இருந்து இரண்டடி உயரத்தில் திறந்த தட்டு போதும். பிளானர் லைனில் இருந்து பிரித்துத் தனி லைன் இழுத்து, ஒரு யூபிஎஸ் வையுங்கள்.

கூடலூர் ஆசாரி:
கேபிளுக்குச் சுவரில் துளை ஒரு அங்குலம் போடு, எச்டிஎம்ஐ தலை நுழைந்துவிடும். கேபிள் போட்ட பிறகு மிச்ச இடத்தைப் பஞ்சு வைத்து அடைத்துவிடு, இல்லாவிட்டால் அந்த ஓட்டை வழியாகவே தூள் போகும்.