மிளகாய்த்தூள் கடைக்கு ஆப்பா, இணையக்கடையா?

திருநெல்வேலிக் கடை: யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில மிளகாய்த்தூள், ஒடியல்மா (பனங்கிழங்கு மா) எண்டு 40 சாமான் விக்கிறம். ஆப் செய்விக்கிறதோ, இணையக்கடை காணுமோ?

வலைப்பின்னி: வூகொமர்ஸில (வேர்ட்பிரஸில ஓடுற இணையக்கடை மென்பொருள்) ஒரு கடை காணும். இணையத்தில கார்ட் காசு வாங்கித் தாற ஸ்ட்ரைப், இலங்கைக் கடைக்குக் கணக்குத் தராது. அதே வேலை செய்யிற இலங்கைச் சேவை பேஹியரைப் போடுங்கோ, கேஷ் ஒன் டெலிவரியும் விடுங்கோ. 250 கிராம், 500 கிராம், 1 கிலோவைத் தனித்தனிச் சாமானாய் ஏத்தாம, ஒரே சாமானின்ர வேரியேஷனாய் (அளவு வகையாய்) போட்டு, பொதியோட சேர்ந்த நிறையைப் பதியுங்கோ. நிறை வெறுமையாய்க் கிடந்தா கூரியர் காசு குறைச்சுக் காட்டும், நட்டம் உங்களுக்குத்தான்.

கொக்குவில்: டொமைனை (கடையின்ர இணைய முகவரியை) உங்கட பேரில, உங்கட மின்னஞ்சலில எடுங்கோ. செய்து தாறவரின்ர பேரில கிடந்தா பிறகு அவரிட்டத்தான் நிக்கவேணும்.

திருநெல்வேலிக் கடை: பிறகு ஆப் வேணுமெண்டா அண்ணை?

வலைப்பின்னி: ஆப் போடுற கணக்குக்கு, பிளே ஸ்டோரில ஒருக்கா 25 டொலர், ஆப்பிளில வருசம் 99 டொலர். பிளேயில புதுத் தனிநபர்க் கணக்கெண்டா, ஆப்பை வெளியிட முதல் 12 பேர் 14 நாள் தொடர்ந்து சோதிக்கவேணும். அதால, நல்லூர்த் திருவிழா வியாபாரத்துக்கெண்டு ஒரு கிழமை இருக்கேக்க தொடங்கினா சரிவராது.